கார் நிக்கோபார் பள்ளிக்கூடத்தின் தலைகீழ் லிண்டல்கள்

சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் என்னிடம் ஏதாவது எழுதி வாங்கித் தரச் சொன்னீர்கள் என்று ஆபீசிலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. ஷாதிபூர் வீட்டில் காலையில் பேப்பர், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மனைவியோடு வாக்குவாதம் என்று பொழுது போகிறது. நான் சொல்வதைக் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. அதனால் நீங்கள் கேட்டதில் எனக்குச் சந்தோஷம்தான்.

கான்கிரீட் மாதிரி எப்படி எடுப்பது, மெஷினில் எப்படி நசுக்குவது, தண்ணீரில் எத்தனை நாள் ஊறவைப்பது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. தர விதிகள் அடங்கிய புத்தகம் உங்கள் மேஜையிலேயே இருக்கிறது. நான் தப்பாகப் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றியும், அந்தத் தப்பை என்னோடு சேர்ந்து சரிசெய்த ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்கிறேன். அவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால் சண்டைக்கு வருவார். எல்லாரும் அவரை அச்சக்கா என்றுதான் கூப்பிட்டோம். புரோத்ராபூரில் ஒரு காண்ட்ராக்டரின் வார்ப்பு யார்டில் அச்சுகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. காட்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக் குடும்பத்தில் வளர்ந்தவர். பெற்றோர் இலங்கை மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் யார்டில் இருந்த எல்லாரையும் போல நானும் அக்கா என்றே பழகிவிட்டேன்.

யார்டில் அவர் வார்த்துக்கொண்டிருந்தது லிண்டல். கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே படுத்துக்கொண்டு சுவரின் பாரத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டை. மேலிருந்து பாரம் அழுத்தும்போது அதன் அடிப்பக்கம்தான் பிய்த்துக்கொள்ளப் பார்க்கும். அதனால் கம்பியை அடிப்பக்கத்தில் போட்டு வார்க்கிறோம். அந்தக் கட்டையைத் தலைகீழாக வைத்துவிட்டால் கம்பி மேலே சும்மா கிடக்கும். அடியில் வெறும் கான்கிரீட். அதற்காகத்தான் எது மேல்பக்கம் என்று அழியாத குறி போட வேண்டும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். இந்த வரியை நான் எத்தனையோ தடவை படித்திருந்தேன். படித்ததோடு சரி.

தப்பு ஆரம்பித்தது என்னிடமிருந்துதான். இந்தக் கதைக்கு ஒரு வருடம் முன்னால் அந்த யார்டிலிருந்து வந்த ஒரு லோடு லிண்டலைத் திருப்பி அனுப்பினேன். பலத்தில் குறையில்லை. மேல்பக்கம் கரடுமுரடாக இருந்தது, அவ்வளவுதான்.

"மேல கலவ புடிக்கணும்ல சார், அதான் தேய்க்காம உட்டிருக்கோம்" என்றார் அச்சக்கா.

"பார்க்க லட்சணமா இல்ல" என்றேன்.

அவர் சொன்னதுதான் சரி. புத்தகமும் அதையேதான் சொல்கிறது. ஆனால் அப்போது எனக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. யாரையாவது திருப்பி அனுப்பினால்தான் வேலை செய்த திருப்தி. அன்றிலிருந்து அவர்கள் மேல்பக்கத்தையும் சிமெண்ட் பால் ஊற்றிக் கரண்டியால் தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்தார்கள். நாலு பக்கமும் மின்னும், தேய்த்த மேல்பக்கம் ஒரு படி கூடவே மின்னும். அடுத்த லோடு வந்தபோது நான் தடவிப் பார்த்துப் பெருமைப்பட்டேன். எது மேல், எது கீழ் என்று சொல்லும் அடையாளத்தை நானே அழித்துவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. பெயிண்டில் போட்ட குறி ஒன்றுதான் மிச்சம்.

கார் நிக்கோபாரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டுவதற்காக அறுபது லிண்டல் வார்த்தார்கள். அந்த மாதம் மெயின்லேண்டிலிருந்து சரக்குக் கப்பல் தாமதம். போர்ட் பிளேர் கடைகளில் பெயிண்ட் இல்லை. போர்ட் பிளேருக்கு இப்போது பெயர் மாறிவிட்டது, எனக்குத்தான் வாய் வரவில்லை, மன்னியுங்கள். பெயிண்ட் கிடைக்காததால் யார்டில் காவிப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குறி போட்டார்கள். நான் போனேன். மூன்று கட்டையை எடுத்து உடைத்துப் பார்த்தேன். நல்ல பலம். குறி இருக்கிறதா? இருக்கிறது. டிக் அடித்தேன். விரலில் எச்சில் தொட்டு ஒரு தடவை தேய்த்திருந்தால் தெரிந்திருக்கும். தேய்க்கவில்லை. சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்தேன்.

கப்பல் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து எங்கள் ஊரில் பருவம் தவறி ஒரு மழை அடித்தது. மறுநாள் நான் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் அச்சக்கா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், யார்டுல மிச்சம் கெடந்த லிண்டல் கல்லெல்லாம் காலைல பாத்தேன். ஒரு மழைதான், குறி பூரா கழுவிக்கிட்டு போயிருச்சி. கப்பல்ல போன கல்லுலயும் இருக்காது. ஜல்தி அங்க போன் போடுங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம். "நான் பார்க்கும்போது குறி இருந்தது. சான்றிதழில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்" என்றேன்.

"இருந்துச்சி சார். நான்தான் காவிப்பொடி போடச் சொன்னேன். அது என் தப்பு. நீங்க போன் போடுங்க."

யோசித்துப் பாருங்கள். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சுவர் எழும்பிப் பூச்சும் முடிந்துவிட்டால் லிண்டலை யார் பார்க்கப்போகிறார்கள்? என்றைக்காவது ஒரு நாள் நிலம் குலுங்கி விரிசல் விட்டால் பூகம்பத்தின் மேல் பழியைப் போடலாம். நம் தீவுகளில் அதற்குப் பஞ்சமில்லை. அந்த வசதியெல்லாம் அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் முதல் பஸ் ஏறி வந்தார்.

அந்த நாளில் கார் நிக்கோபாருக்குப் போன் கிடைப்பது தனி வேலை. பதினோரு மணிக்குக் கிடைத்தது. அங்கே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திருநெல்வேலிக்காரர், ஜூனியர் இன்ஜினியர், முப்பது வயதிருக்கும், வேலையில் சூரர்.

"ஒரு கல்லுலயும் குறி இல்ல சார். டெக்குல வெச்சுக் கொண்டாந்திருக்காங்க. வழி பூரா கடல்தண்ணி அடிச்சிருக்கு. ஆனா வேல நிக்கல சார். நாப்பது கல்லு ஏத்தியாச்சு. அதுக்கு மேல ரெண்டு வரிசையும் கட்டியாச்சு."

"எந்தப் பக்கத்தைக் கீழே வைத்தீர்கள்?"

"நல்லா பளபளன்னு இருந்த பக்கத்த சார். உள்ள நின்னு நிமிந்து பாத்தா அதான கண்ணுக்குத் தெரியும். ஒரு மேஸ்திரி மட்டும் அவன் இஷ்டத்துக்கு வெச்சிருப்பான்."

பளபளவென்று இருந்தது மேல்பக்கம். நான் லட்சணம் பார்த்துத் தேய்க்கச் சொன்ன பக்கம். 

மேலதிகாரியிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. மழைக்காலத்துக்கு முன்னால் கூரை ஏற வேண்டும், பிள்ளைகள் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று அவருக்கு மேலேயிருந்து தினமும் கேள்வி. "நாற்பதும் தலைகீழ் என்று உங்களுக்கு நிச்சயமா? நிச்சயமில்லாமல் வேலையை நிறுத்தினால் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். வேலையை நிறுத்தும் கடிதத்தை டைப் அடித்து என் மேஜையில் வைத்துவிட்டார்கள். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. போட்டால், முதலில் போட்ட கையெழுத்து தப்பு என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி.

வெட்கத்தோடு சொல்கிறேன், மத்தியானம் முழுக்க அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூசிவிட்டால் தாங்கிவிடும் என்று ஒரு மனம். இரண்டு மகள்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள், பிரமோஷன் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று இன்னொரு மனம். நாலு மணிக்கு டீ குடிக்க வெளியே வந்தால், வராந்தாவில் அச்சக்கா அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் போகலையா அக்கா?"

"லெட்டர் போனதும் போறேன் சார்."

"பஸ் போயிடும்."

"அடுத்த பஸ் இருக்குல்ல."

அவர் குரலில் அதிகாரமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பஸ் நேரத்தைத்தான் சொன்னார். நான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். டீயை மறந்தே போனேன்.

நிறுத்தியாகிவிட்டது. நாற்பதில் எது நேராக இருக்கிறது, எது தலைகீழ் என்று கண்டுபிடிக்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி எங்களிடம் ஒன்றே ஒன்றுதான். அது ரிப்பேருக்கு மெயின்லேண்ட் போய் மாதக்கணக்காகிறது. பளபளப்பை மட்டும் நம்ப முடியாது, அச்சில் பட்ட அடிப்பக்கமும் சில கல்லில் அதே மாதிரி மின்னும். ஒவ்வொன்றையும் கொத்திப் பார்த்தால் நல்ல கல்லும் வீணாகும். "நான் பாத்தாத் தெரியும் சார், கூட்டிக்கிட்டு போங்க" என்றார் அச்சக்கா. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு வழியும் இல்லை. கார் நிக்கோபார் பழங்குடித் தீவு என்பதால் அவருக்கு அனுமதிப் பாஸ் வாங்கி, அந்த வாரக் கப்பலில் கிளம்பினோம். யார்டிலிருந்து அவருடைய மருமகளும் துணைக்கு வந்தார். மருமகளுக்கு வழி முழுக்க வாந்தி.

டெக்கில் நின்றபோது கேட்டேன். "பார்த்தாலே தெரியும் என்கிறீர்களே, அப்புறம் குறி போனதற்கு ஏன் இவ்வளவு பதறினீர்கள்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எனக்குத் தெரியும் சார். அங்க கட்டுற மேஸ்திரிக்கு எப்பிடித் தெரியும்? குறி அவனுக்குத்தானே."

எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன். தரக்கட்டுப்பாடு யாருக்காக என்று இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பள்ளிக்கூடச் சுவர்கள் தென்னந்தோப்பை ஒட்டி நின்றன. பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் பாதி வகுப்பு வெளியே வந்துவிட்டது. ஜூனியர் இன்ஜினியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். பன்னிரண்டு நாள் உழைப்பை ஒரு கடிதம் நிறுத்திவிட்டது.

அச்சக்கா ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கேட்டார். சாரத்தில் ஏறி முதல் ஜன்னல் லிண்டலின் பக்கவாட்டை நனைத்துத் துடைத்தார். விரலால் கீழிருந்து மேலாகத் தடவினார்.

"இங்க பாருங்க சார். சின்னச் சின்னக் குழி. கலவய இடிக்கயில காத்து மேலதான் ஏறி வரும். ஓரத்துல ஒட்டிக்கிட்டு இப்பிடிக் குழியா நின்னுபோகும். குழி நெறைய இருக்கிற பக்கம் வார்க்கயில மேல இருந்த பக்கம். இந்தக் கல்லுல குழி பூரா கீழ இருக்கு. இது உல்டா, தலகீழா இருக்கு."

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். உண்மைதான். கடுகளவு குழிகள். மேல்பக்கத்தைத் தேய்த்து மறைத்திருந்தாலும் பக்கவாட்டை யாரும் தேய்க்கவில்லை. எத்தனை ஆயிரம் கட்டையை நான் கையில் தொட்டிருப்பேன்! இதை ஒரு தடவையும் பார்த்ததில்லை. ஆனாலும் சோதனைக்கூடத்து ஆள் அல்லவா, சும்மா ஒப்புக்கொள்வேனா? அவர் சொன்னதில் மூன்றைப் பொறுக்கி, மூலையில் கொஞ்சம் கொத்திப் பார்க்கச் சொன்னேன். மூன்றிலும் அவர் சொன்ன இடத்தில் கம்பி இருந்தது. நான்காவதைக் கொத்த எனக்கே கூச்சமாகிவிட்டது.

சாயங்காலத்துக்குள் நாற்பதையும் பார்த்துவிட்டார். இருபத்தாறு உல்டா. நனைந்த துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, வெயிலில் ஒவ்வொரு சாரமாக ஏறி இறங்கினார். ஒரு கல்லில் சந்தேகம் வந்தபோது, "இது எனக்குச் சரியாத் தெரியல, கொத்திப் பாருங்க" என்று அவரே சொன்னார். அந்த ஒரு வார்த்தையில்தான் மற்ற முப்பத்தொன்பதின் மேலும் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

"எறக்கணும்னா ஒரு வாரம் போயிடும் சார்" என்றார் ஜூனியர் இன்ஜினியர். "உல்டாவா இருந்தா மட்டும் ஒடனே விழுந்துடவா போகுது?"

நியாயமான கேள்விதான். ஏற்றாமல் மிச்சமிருந்த கட்டைகளில் இரண்டை எடுத்து, கல் அடுக்கிய இரண்டு திண்டுகளுக்கு நடுவே ஒன்றை நேராகவும், இன்னொன்றை அதேபோல் தலைகீழாகவும் வைக்கச் சொன்னேன். இரண்டின் நடுவிலும் ஒவ்வொன்றாகச் சுவர்க்கல் ஏற்றினோம். பிள்ளைகள் கல்லை எண்ண ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் தலைகீழ்க் கட்டை அடியில் டப்பென்று வாய் பிளந்தது. நடுவில் மடங்கி, மேலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. நேராக வைத்ததில் மேலும் பன்னிரண்டு ஏற்றினோம். அசையவில்லை.  ஜூனியர் இன்ஜினியர் போய் முட்டுக்கொடுக்கும் கம்புகளை எடுத்து வரச் சொல்லி ஆட்களை அனுப்பினார். அவரையும் எனக்கு அப்போது பிடித்துப்போனது.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் பிரசங்கம் மாதிரி இருக்கும். எனக்கு மெமோ வந்தது. பிரமோஷன் இரண்டு வருடம் தள்ளிப்போனது. யார்டில் மேல்பக்கத்தைத் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன். அச்சக்கா அதோடு விடாமல், கலவை ஈரமாக இருக்கும்போதே மேல்பக்கத்தில் ஓர் இரும்பு முத்திரையை அழுத்திவிட ஏற்பாடு செய்தார். மழை என்ன, கடலே ஏறி வந்தாலும் அது அழியாது. நீங்கள் இப்போது யார்டுகளில் பார்க்கும் அந்தப் பள்ளமான குறி அப்படி வந்ததுதான். ஏதோ ஆபீசர் கண்டுபிடித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அன்று கட்டை பிளந்த சத்தம் கேட்டு அந்த ஊர்க் கேப்டன் வந்தார். கார் நிக்கோபாரில் ஊர்த் தலைவரைக் கேப்டன் என்பார்கள். கவர்மெண்ட் என்ன சொன்னாலும் ஊரில் அவர் தலையசைத்தால்தான் நடக்கும். பெரியவர், அரைக்கால் சட்டை, சட்டைப்பையில் ஒரு பேனா. தொங்கிக்கொண்டிருந்த கட்டையைக் குனிந்து பார்த்தார். சுவரின் மேல் வரிசையாக இருந்த ஜன்னல்களைப் பார்த்தார். எங்களைச் சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒரு சிறுமி அவருடைய பேத்தி என்று பிறகு தெரிந்தது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டு தீவு ஹிந்தியில் கேட்டார்.

"யே கிஸ்னே பாஸ் கியா?"

இதை யார் பாஸ் செய்தது என்று கேட்கிறார்.  அச்சக்கா வாயைத் திறப்பதைப் பார்த்தேன். காவிப்பொடி என் தப்பு என்று சொல்லப்போகிறார் என்று புரிந்தது. சொல்லக்கூடியவர்தான்.

"மைனே" என்றேன். நான்தான். 

கேப்டன் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார், மேலிடத்துக்கு எழுதுவேன் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவைத் தொடவில்லை.

"தோ பஹலா பத்தர் ஆப் உதாரோ" என்றார். அப்படியானால் முதல் கல்லை நீங்கள் இறக்குங்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சாரத்தில் ஏறினேன். மேஸ்திரி மேலே இருந்த இரண்டு வரிசைக் கல்லையும் எடுத்து, லிண்டலின் இரண்டு முனையிலும் கலவையைக் கொத்தி விடுவித்துக் கொடுத்தார். ஒரு முனையில் நான் கை கொடுத்தேன். மறுமுனைக்கு மேஸ்திரி வருவதற்குள் அச்சக்கா ஏறி வந்து பிடித்துவிட்டார். தூக்கினோம். இடுப்பு விட்டுப்போகும் போலிருந்தது. அத்தனை வருடச் சர்வீசில் எத்தனை ஆயிரம் லிண்டலைச் சோதித்திருப்பேன், ஒன்றைக்கூட நான் தூக்கியதில்லை.  கட்டை என் பக்கம் சரிந்தது. எதிரே அச்சக்காவின் பிடி கொஞ்சமும் இளகவில்லை.

"சார், என்னையப் பாக்காதீங்க" என்றார். "கீழ பாத்து எறக்குங்க. புள்ளைக நிக்குது."